டென்மார்க்கில் திறந்த மூல மென்பொருள்: கட்டளையா, இணக்கமா?

டென்மார்க்கின் டிஜிட்டல் விவகார அமைச்சகம், தனது ஊழியர்கள் பயன்படுத்திவந்த மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அலுவலக மென்பொருளைக் கைவிட்டு, லிப்ரே ஆபிஸ் என்ற திறந்த மூல மென்பொருளுக்கு மாறப்போவதாக 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிவித்தது. கோடையில் ஊழியர்களில் பாதிப் பேரும், எல்லாம் சரியாக நடந்தால் இலையுதிர் காலத்துக்குள் மற்றவர்களும் மாறுவார்கள் என்பது அன்றைய திட்டம்.

மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளையே திறந்த மூல மென்பொருள் என்கிறோம். அதை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் டென்மார்க்கில் அப்போது விலையைவிட அதிகம் பேசப்பட்டது அரசியல்தான். கிரீன்லாந்தை அமெரிக்காவுடன் இணைப்பது பற்றி அதிபர் டிரம்ப் மீண்டும் மீண்டும் பேசிவந்த காலம் அது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை வழக்குத் தொடுநர் தனது மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சலைப் பயன்படுத்த முடியாமல் போனதாக அதற்கு முந்தைய மாதம்தான் செய்தி வந்திருந்தது. நீதிமன்றத்துக்கான சேவையைத் தாங்கள் நிறுத்தவில்லை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. ஆயினும், ஒரு அரசின் அன்றாடக் கோப்புகள் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றை நம்பியிருப்பது சரியா என்ற கேள்வி ஐரோப்பாவில் வலுத்தது.

இந்த அறிவிப்பு உலகெங்கும் உள்ள திறந்த மூல ஆர்வலர்களிடையே பெரும் உற்சாகத்தை ஏற்படுத்தியது. டென்மார்க் விண்டோஸையே துறக்கிறது, லினக்ஸ் வருகிறது என்று செய்திகள் பரவின. உண்மை அதைவிடச் சிறியது. மாறவிருந்தது ஒரே ஒரு அமைச்சகம்; அதுவும் ஆவணங்களை எழுதும் மென்பொருளில் மட்டும். விண்டோஸ் அகற்றப்படும் என்று முதலில் கூறிய செய்திகள் பின்னர் திருத்தப்பட்டன. கோபன்ஹேகன், ஆர்ஹுஸ் ஆகிய நகராட்சிகளும் மைக்ரோசாஃப்டைச் சார்ந்திருப்பதைக் குறைக்க முயல்வதாகக் கூறியிருந்தன. அவையும் படிப்படியான முயற்சிகளே.

இப்படி மிகைப்படுத்துவது, ஆர்வலர்கள் தாங்கள் ஆதரிக்கும் மென்பொருளுக்கே செய்யும் தீங்கு. இல்லாத வெற்றியை அறிவித்துவிட்டால், பிறகு வரும் சிறு தடங்கல்கூடப் பெரும் தோல்வியாகத் தோன்றும். அமைச்சராக இருந்த கரோலின் ஸ்டேஜ் ஓல்சென் இதில் அடக்கமாகவே நடந்துகொண்டார். மாற்றம் அளவுமீறிச் சிக்கலானால் பழைய மென்பொருளுக்குத் தற்காலிகமாகத் திரும்பவும் முடியும் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். கொள்கைப் பிடிப்பு உள்ள சிலருக்கு இது பலவீனமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் கடிதம் எழுதி அனுப்ப வேண்டிய ஊழியரின் அச்சத்தைத் தணிக்கக்கூடிய சொல் அதுதான். பிறரைக் கேட்பதற்கு முன் தன் சொந்த அலுவலகத்திலேயே அவர் தொடங்கினார் என்பதும் கவனிக்கத்தக்கது.

கட்டளையால் மட்டும் காரியம் நடப்பதில்லை என்பதை டென்மார்க் ஏற்கெனவே கண்டிருக்கிறது. அரசு நிர்வாகம் திறந்த தரங்களைப் பயன்படுத்த வேண்டும் என்று 2006 ஜூனில் அந்நாட்டு நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2008 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது, திறந்த மூல ஆர்வலர்கள் வலியுறுத்திய ஆவண வடிவத்தோடு மைக்ரோசாஃப்டின் வடிவமும் ஏற்கப்பட்டது. அலுவலக மேசைகளில் பழைய மென்பொருளே தொடர்ந்தது.

இன்னொரு தடை ஆர்வலர்களுக்குள்ளேயே இருக்கிறது. ஃபிரீ பிஎஸ்டி என்ற திறந்த மூல இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்மார்க்கின் போல் ஹென்னிங் கேம்ப், 1999 அக்டோபரில் தம் சகாக்களுக்கு எழுதிய மடல் ஒன்று பிற்காலத்தில் பரவலாக அறியப்பட்டது. அணு உலைத் திட்டத்தை எளிதில் அனுமதிக்கும் குழு, சைக்கிள் கொட்டகையைப் பற்றி நெடுநேரம் வாதிடும் என்று நார்த்கோட் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1957இல் எழுதியதை அவர் நினைவூட்டினார். எளிய விடயத்தில் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. 'இது என் கைவேலை' என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் உண்டு. இதை டென்மார்க்கில் கைரேகை பதிப்பது என்பார்கள் என்றும் அவர் எழுதினார். இத்தகைய சச்சரவுகளைப் பார்க்கும் புதியவர் உள்ளே வரத் தயங்குவார்.

ஜெர்மனியின் மியூனிக் நகரம் 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை 2013க்குள் மாற்றியது. ஆயினும் 2017இல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்புவதென வாக்களித்தது. அதில் அரசியலும் இருந்தது. வெளியார் அனுப்பும் கோப்புகள் சரியாகத் திறப்பதில்லை என்ற ஊழியர்களின் புகாரும் இருந்தது. அப்புகாரை அறியாமை என்று ஒதுக்கிய ஆர்வலர்கள், வலுவான எதிர்ப்பை வளர்க்க உதவினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

புலம்பெயர் தமிழர்களுக்கு இது புதிதல்ல. பாமினி எழுத்துருவில் ஆண்டுக்கணக்கில் தட்டச்சு செய்தவர்களிடம் யுனிகோடுக்கு மாறச் சொன்னபோது, எழுந்த முதல் கேள்வி பழைய கோப்புகள் என்னவாகும் என்பது. இரண்டாவது, பழகிய விரல்கள் என்ன செய்யும் என்பது. யுனிகோடின் மேன்மை பற்றிய விளக்கங்களால் மட்டும் அவர்கள் மாறிவிடவில்லை. பழைய எழுத்தை மாற்றித்தரும் கருவிகள் வந்தன. பாமினி விசைப்பலகை அமைப்பிலேயே யுனிகோடில் எழுத, தன்னார்வலர்கள் உருவாக்கிய இ-கலப்பை போன்ற இலவச மென்பொருட்கள் வழிசெய்தன. விரல்களின் பழக்கத்தை அவை மாற்றச் சொல்லவில்லை. திரையின் பின்னால் இருந்த குறியீடு மட்டுமே மாறியது.