ஷாங்காய் போகிறீர்களா? பதிவுச் சீட்டை மறக்காதீர்கள்

ஷாங்காய்க்கு நவீன ஓவியம் பார்க்கப் போகிறவர்கள் நன்றாகவே விசாரித்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். பழைய மின் நிலையத்தில் இயங்கும் பவர் ஸ்டேஷன் ஆஃப் ஆர்ட்டுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, மொகன்ஷான் சாலையில் எம்50 வளாகம், வெஸ்ட் பண்டில் விமான எரிபொருள் தொட்டிகளுக்குள்ளேயே அமைந்த கலைக்கூடம் என்று எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. தங்கிய இடத்தைக் காவல் நிலையத்தில் பதிந்தீர்களா என்று கேட்டால்தான் திருதிருவென்று விழிக்கிறார்கள். “நண்பர் வீட்டில்தானே தங்கினோம், அதற்கு எதற்குப் போலீஸ்?” இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. விசா வாங்கித் தந்து காசு பார்க்கும் ஏஜென்ட்டுகளாவது ஒரு வார்த்தை சொல்லலாம். பெரும்பாலும் சொல்வதில்லை.

2013 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சீனக் குடிநுழைவுச் சட்டத்தின்படி, ஹோட்டலில் தங்கினால் பதிவை ஹோட்டலே செய்யும். நண்பர் வீடு, உறவினர் வீடு, வாடகை அறை என்று வேறு எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் நீங்களோ வீட்டுக்காரரோ பதிய வேண்டும். தவறினால் எச்சரிக்கையோடு விடலாம். 2,000 யுவான் வரை அபராதமும் போடலாம்.

எங்கே பதிவது? அந்த வீடு எந்தக் காவல் நிலையத்தின் எல்லையில் வருகிறதோ அங்கேதான். அதைப் ‘பைச்சூசுவோ’ என்பார்கள். குடியிருப்பு வாசலில் நிற்கும் காவலாளியிடம் கேட்டாலே வழி காட்டுவார். பாஸ்போர்ட், விசா உள்ள பக்கம், நுழைவு முத்திரை விழுந்த பக்கம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை நகலோடு எடுத்துப் போங்கள். வீட்டுக்காரரும் கூட வந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஷாங்காயில் இணையம் வழியாகவும் பதியலாம். எப்படிப் பதிந்தாலும் கைக்கு வரும் சீட்டில் பெயரின் எழுத்து, பாஸ்போர்ட் எண், கிளம்பும் தேதி மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் திருத்தி வாங்காமல் நகராதீர்கள். “நாளைக்கு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பினால் 12367-ஐ அழையுங்கள். தேசியக் குடிவரவு நிர்வாகத்தின் அந்த எண் 24 மணி நேரமும் இயங்கும், ஆங்கிலத்தில் பேசலாம். இரண்டு நாள் கழித்து வேறு வீட்டுக்கு மாறினால் அங்கேயும் பதிய வேண்டும், அதுவும் 24 மணி நேரத்துக்குள்.

சில சிறு ஹோட்டல்கள் “வெளிநாட்டவருக்கு அறை இல்லை” என்று கையை விரிக்கின்றன. அப்படி மறுக்கக் கூடாது என்று 2024-இல் சீன அரசே சொல்லிவிட்டது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைக் கணினியில் ஏற்றத் தெரியாத ஊழியருக்காக நள்ளிரவில் நீங்கள் தெருவில் நிற்க வேண்டியதில்லை. நகர நிர்வாகத்தின் 12345-க்கு அங்கிருந்தே பேசுங்கள். வெளியே ஆள் பிடிப்பவர் காட்டும் அறைக்கு மட்டும் போகாதீர்கள். அங்கே உங்களை யாரும் பதியப்போவதில்லை.

அடுத்தது, நான்ஜிங் சாலையிலும் மக்கள் சதுக்கத்திலும் நடக்கும் வலைவிரிப்பு. இளைஞர்கள் இருவர் போட்டோ எடுக்கச் சொல்லிப் பேச்சுக் கொடுப்பார்கள். ஓவியக் கல்லூரி மாணவர்கள், எங்கள் கண்காட்சிக்கு இன்றுதான் கடைசி நாள் என்பார்கள். மாடியறை ஒன்றில், அச்சடித்த படத்தை அசல் ஓவியம் என்று தலையில் கட்டுவார்கள். இதே ஆட்டம் தேநீர்க் கடையிலும் நடக்கும்: விரல் உயரக் கிண்ணங்களில் நாலைந்து வகைத் தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, பில்லை ஆயிரக்கணக்கில் நீட்டுவார்கள். நாணயமான காட்சிக்கூடம் எதுவும் தெருவில் ஆள் பிடிப்பதில்லை. கூப்பிட்டால் போகாதீர்கள்.

சிக்கிக்கொண்டால் அந்த அறையிலிருந்தே 110-ஐ அழையுங்கள். ஊர் திரும்பிப் புலம்புவதில் பயனில்லை. கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் ரொக்கம் தராதீர்கள். கார்டில் கொடுத்தால் வங்கியிடம் முறையிட வழி இருக்கும். ‘ஃபாப்பியாவ்’ எனப்படும் வரி ரசீதைக் கேளுங்கள். கேட்டால் தர வேண்டும் என்பது சட்டம். அந்த ரசீதோடும் கடைப் பலகையின் படத்தோடும் நுகர்வோர் புகார் எண்ணான 12315-இல் முறையிடலாம். மோசடி உறுதியானால் கட்டிய தொகைக்கு மேல் அதன் மூன்று மடங்கை இழப்பீடாகக் கேட்க, நுகர்வோர் சட்டத்தின் 55-ஆவது பிரிவு இடம் தருகிறது. அது 500 யுவானுக்குக் குறைந்தால் 500 யுவான்.

உணவகத்தில் மீன், நண்டு சொல்லுமுன் விலை ‘ஜின்’னுக்கா ‘லியாங்’குக்கா என்று பாருங்கள். ஜின் 500 கிராம், லியாங் 50 கிராம். கவனிக்காமல் சொன்னால் பில் பத்து மடங்காகத் தெரியும். குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்று நிபந்தனை போடுவதும் செல்லாது.

பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு வெளியே போகாதீர்கள். 16 வயது நிறைந்த வெளிநாட்டவர் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும். தொலைந்தால் முதலில் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்துச் சீட்டு வாங்குங்கள். அதோடு பூடோங் பகுதியில், மின்ஷெங் சாலை 1500-இல் உள்ள குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய்த் தொலைந்ததற்கான சான்று பெறுங்கள். அதைக் காட்டி இந்தியத் துணைத் தூதரகத்தில் அவசரப் பயண ஆவணம் கேளுங்கள். ஆவணம் கிடைத்ததும் நேராக விமான நிலையம் போய்விடாதீர்கள். மின்ஷெங் சாலைக்கே திரும்பிப் போய் வெளியேறும் விசா வாங்க வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது உங்கள் தங்கல் பதிவைத்தான்.