எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர்?

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி. அதிகாலை நேரம். "கஜா" புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது.

நாகை, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னை மரங்கள் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஒடிந்தன. பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை.

அந்த நேரத்தில் மக்களுக்குக் கை கொடுத்தவை எவை தெரியுமா?

சின்னஞ்சிறு என்ஜின்கள்தான்! மரம் அறுக்கும் செயின் ரம்பம் பாதையைத் திறந்தது. ஜெனரேட்டர் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது. செல்போனுக்கு உயிர் கொடுத்தது.

அப்போது பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அங்கே நான் கண்ட காட்சி இது.

தெருவின் குறுக்கே இரண்டு தென்னை மரங்கள் கிடக்கின்றன. தெரு முனையில் குடிதண்ணீர் லாரி நிற்கிறது. உள்ளே வர வழி இல்லை. பெண்கள் குடங்களோடு காத்திருக்கிறார்கள்.

இளைஞர் ஒருவர் செயின் ரம்பத்தைக் கொண்டு வந்தார். முதல் மரம் துண்டு துண்டாயிற்று. இரண்டாவது மரத்தில் பாதி அறுத்ததும், செயின் தளர்ந்து தொங்கியது.

"ஒன்றும் இல்லை. இரண்டு நட்டைத் தளர்த்தி, செயினை இழுத்து, மறுபடி இறுக்கினால் போதும். ஐந்து நிமிஷ வேலை" என்றார் அவர்.

ஆனால் எந்திரத்தோடு வந்த ஸ்பேனர் வீட்டிலும் இல்லை; பையிலும் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர் கிடைத்தது. அதை மாட்டித் திருகினார். வழுக்கியது. மறுபடியும் மாட்டினார். மறுபடியும் வழுக்கியது. மூன்றாம் முறை பார்த்தால் நட்டின் முனைகள் எல்லாம் மழுங்கி, நட்டு உருண்டையாகி விட்டது!

சில ரூபாய் பெறும் நட்டு. அதற்காக அரை நாள் தெருவே காத்துக் கிடந்தது.

ஆறு முனை ரகசியம்

நட்டை உற்றுப் பாருங்கள். அதற்கு ஆறு பக்கம், ஆறு முனை. ஸ்பேனரின் பலம் எல்லாம் அந்த முனைகளில்தான் போய்ச் சேருகிறது. முனை போனால் பிடிப்பு போயிற்று!

வாய் திறந்த சாதாரண ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கிறது. ரிங் ஸ்பேனர் வளையம் போலச் சுற்றி வளைத்து ஆறு முனைகளையும் பிடிக்கிறது. குழாய் போல நட்டின் மேல் இறங்கும் பாக்ஸ் ஸ்பேனரும் அப்படியே.

ஆகவே, இறுகிப் போன நட்டை முதலில் அசைப்பதற்கு ரிங் அல்லது பாக்ஸ் ஸ்பேனரை எடுங்கள். கடைசியாக இறுக்குவதற்கும் அதுவே நல்லது. நடுவில் மளமளவென்று திருப்புவதற்கு வாய் திறந்த ஸ்பேனர் போதும்.

வாய் திறந்த ஸ்பேனரிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. அதன் வாய் கைப்பிடிக்கு நேராக இருக்காது. 15 டிகிரி சாய்ந்திருக்கும். "தயாரித்தவர் கோணலாகச் செய்துவிட்டாரோ?" என்று எண்ண வேண்டாம். கை நுழையாத இடுக்கில் கொஞ்சம்தான் திருப்ப முடியும். அப்போது ஸ்பேனரை எடுத்துக் குப்புறத் திருப்பி மாட்டுங்கள். நட்டு இன்னும் கொஞ்சம் சுழலும். மறுபடி திருப்பி மாட்டுங்கள். இப்படியே கழற்றிவிடலாம்!

எண் என்ன சொல்கிறது?

ஸ்பேனரில் 10, 13, 19 என்று எண் போட்டிருக்கும். அது போல்ட்டின் பருமன் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. நட்டின் ஒரு பக்கத்தில் இருந்து எதிர்ப் பக்கம் வரை உள்ள அகலம்தான் அது. கணக்கு மில்லிமீட்டரில்.

6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10-ம் எண் ஸ்பேனர் வேண்டும். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 13-ம் எண். சில கம்பெனிகள் இதே போல்ட்டுக்கு 12-ம் எண் தலை வைக்கின்றன. ஆகவே மாட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பழைய எந்திரங்களில் அங்குலக் கணக்கு வரும். இங்கேதான் ஜாக்கிரதை தேவை. முக்கால் அங்குலமும் 19 மில்லிமீட்டரும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றுக்கு மற்றதைப் போடலாம். ஆனால் அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அந்த நட்டில் 13-ம் எண் ஸ்பேனர் சுலபமாக நுழையும். பார்த்தால் சரியாக இருப்பது போலவே தோன்றும். லேசான நட்டு என்றால் கழன்றும் விடும். துருப்பிடித்த நட்டு என்றால் முனையைத் தின்றுவிடும்!

மாட்டிய ஸ்பேனரை இலேசாக ஆட்டிப் பாருங்கள். "கடகட" என்று ஆடினால், அது உங்கள் நட்டுக்கு உரியது அல்ல.

ஸ்க்ரூ ஸ்பேனர் கதை

எல்லா நட்டுக்கும் ஒரே ஸ்பேனர் இருந்தால் எவ்வளவு வசதி! இந்த எண்ணத்தைச் செய்து காட்டியவர்களில் புகழ் பெற்றவர் சுவீடன் நாட்டைச் சேர்ந்த யோகான் பீட்டர் யோகான்சன். வாயை அகட்டவும் குறுக்கவும் கூடிய ஸ்பேனருக்கு 1892-ல் அவர் காப்புரிமை பெற்றார். இன்று கடைகளில் தொங்கும் ஸ்க்ரூ ஸ்பேனர் அந்த வமிசத்தில் வந்ததுதான்.

கெட்டிக்காரத்தனமான கருவி. சந்தேகம் இல்லை. ஆனால் அசையும் தாடையில் கொஞ்சம் ஆட்டம் இருந்தே தீரும். குழாய் வேலைக்கு அது போதும். என்ஜினுக்கு அதைக் கடைசித் துணையாக வைத்துக் கொள்வதே நல்லது. அதைத்தான் போட வேண்டும் என்ற நிலை வந்தால், தாடையை நட்டோடு நன்றாக நெருக்குங்கள். அசையாத தாடையின் மேல் பாரம் விழும்படி இழுங்கள்.

கட்டிங் பிளேயரால் நட்டைத் திருகுகிறவர்களும் உண்டு. அவர்கள் வீட்டு எந்திரத்தைப் பார்த்தாலே தெரியும். ஒரு நட்டுக்காவது முனை இருக்காது.

"டி" ஸ்பேனர்

செயின் ரம்பம் வாங்கும்போது "டி" எழுத்து வடிவத்தில் ஒரு ஸ்பேனர் கொடுப்பார்கள். பார்ப்பதற்கு விளையாட்டுச் சாமான் போல இருக்கும். ஆனால் மரத்தடியில் தேவைப்படும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது ஒன்றே போதும்!

பெரும்பாலான ரம்பங்களில் அதன் ஒரு முனை 13. மறு முனை 19. நீண்ட தண்டின் நுனி திருப்புளி போலத் தட்டையாக இருக்கும். 13-ம் எண், செயின் ஓடும் நீண்ட தகட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளுக்கு. இந்தத் தகட்டை "பார்" என்கிறார்கள். 19-ம் எண், ஸ்பார்க் பிளக்குக்கு. திருப்புளி, செயினை இழுக்கும் திருகுக்கு.

சில கம்பெனிகளின் ரம்பங்களுக்கு அளவு வேறாக இருக்கும். எந்திரத்தோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். ஜெர்மன் நாட்டு ரம்பங்களில் ஆறு இதழ் நட்சத்திரக் குழி உள்ள திருகுகள் இருக்கும். அதில் ஆலன் கீயைத் திணிக்கக் கூடாது. குழி கெட்டுவிடும்.

செயினை எப்படி இழுப்பது?

முதலில் என்ஜினை நிறுத்துங்கள். பிளக் வயரைக் கழற்றுங்கள். கையுறை போடுங்கள். செயினின் பல் கத்தியை விடக் கூர்மை!

பார் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பாரின் நுனியை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடியுங்கள். திருப்புளியால் திருகைச் சுற்றுங்கள். செயின் பாரின் அடிப்பக்கத்தைத் தொட வேண்டும். அதே சமயம் கையால் இழுத்தால் ஓட வேண்டும். நுனியைக் கீழே விடாமலே நட்டுகளை இறுக்குங்கள்.

நட்டு தளர்வாக இருந்தால் பார் நகரும், செயின் தளரும். ஓடுகிற வேகத்தில் செயின் கழன்று வந்தால், பிடித்திருப்பவர் கதி என்ன? கை, கால் தப்பினால் அதிர்ஷ்டம்.

அதற்காக ஒரேயடியாக இறுக்கவும் கூடாது. நட்டு ஏறும் போல்ட், இலேசான உலோகத்தில் பதிந்திருக்கிறது. அதிகம் இறுக்கினால் மரையோடு பிடுங்கிக் கொண்டு வரும். மனிதனுக்கு மரை கழன்றால் கேலி செய்கிறோம். என்ஜினுக்கு மரை கழன்றால் செலவு நம் தலையில்!

இன்னொரு விஷயம். வேலை செய்யும்போது செயின் சூடேறி நீளும். அந்தச் சூட்டில் இழுத்து இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள். ஆறும்போது செயின் சுருங்கும். சுருங்கினால் என்ஜினின் தண்டையும் பேரிங்கையும் இழுத்துக் கெடுக்கும்.

பிளக்கைத் தொடும் முன்

பிளக் கழற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் சிறிய என்ஜின்கள் இதனால் கெட்டுப் போவதும் உண்டு.

என்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். செயின் ரம்பத்துக்குப் பெரும்பாலும் 19-ம் எண் பாக்ஸ். பம்ப், ஜெனரேட்டர் என்ஜின்கள் பலவற்றுக்கு 21-ம் எண். ஸ்பேனரை நேராக இறக்குங்கள். சாய்த்தால் வெள்ளைப் பீங்கான் விரிசல் விடும். விரிசல் வெளியே தெரியாது. என்ஜின் மட்டும் கிளம்ப மறுக்கும். கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், பெட்ரோலை மாற்றுவார்கள். குற்றவாளியோ தலை மேலே உட்கார்ந்திருக்கும்!

மாட்டும்போது முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். விரலால் ஏறாவிட்டால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். ஸ்பேனர் போட்டு மல்லுக்கு நிற்காதீர்கள். கழற்றி மறுபடி தொடங்குங்கள். கடைசி வரை விரலால் ஏறிய பிறகு, புதுப் பிளக் என்றால் ஸ்பேனரால் அரைச் சுற்று. பழைய பிளக் என்றால் கால் சுற்றுக்கு உள்ளேயே நிறுத்துங்கள்.

இடமா? வலமா?

வலப்புறம் திருப்பினால் இறுகும். இடப்புறம் திருப்பினால் கழலும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சைக்கிளின் இடது பெடலை யாராவது கழற்றியது உண்டா? அங்கே எல்லாம் தலைகீழ்! செயின் ரம்பத்தின் கிளட்சும் பெரும்பாலும் அப்படித்தான். கழலவில்லையே என்று பலம் கொண்ட மட்டும் திருப்புகிறவர், உண்மையில் இறுக்கிக் கொண்டிருப்பார். கிளட்சில் அம்புக்குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

துருப்பிடித்த நட்டுக்குத் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊற விடுங்கள். காலையில் முதலில் இம்மியளவு இறுக்கிப் பாருங்கள். "கிரீச்" என்று சத்தம் வந்தால் துரு உடைந்தது. பிறகு கழற்றுங்கள்.

ஸ்பேனரைத் தள்ளக் கூடாது. உங்களை நோக்கி இழுக்க வேண்டும். தள்ளும்போது வழுக்கினால் விரல் முட்டி போய் இரும்பில் மோதும். கைப்பிடியில் குழாய் மாட்டி நீளத்தைக் கூட்டுவதும் வேண்டாம். சிறிய ஸ்பேனர் குட்டையாகவும், பெரிய ஸ்பேனர் நீளமாகவும் இருப்பது வீணாக அல்ல. அந்த நட்டு எவ்வளவு தாங்குமோ அதற்கேற்ற நீளம் அது.

வாங்கும்போது "குரோம் வனேடியம்" என்று பொறித்த ஸ்பேனராகப் பாருங்கள். இருபது ஸ்பேனர் அடங்கிய மலிவுப் பெட்டியை விட, உங்கள் எந்திரத்துக்கு வேண்டிய நான்கு நல்ல ஸ்பேனர் மேல். மலிவு ஸ்பேனரின் வாய் இரண்டு மாதத்தில் அகன்றுவிடும். பிறகு அதன் மேல் போட்டிருக்கும் எண்ணே பொய்!

அந்த நட்டு என்ன ஆயிற்று?

பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தெருவுக்கு மறுபடி வருவோம்.

மதியம் ஒரு மெக்கானிக் வந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். மழுங்கிய நட்டை விரலால் தடவிப் பார்த்தார். பையில் இருந்து அரை அங்குல பாக்ஸ் ஸ்பேனர் ஒன்றை எடுத்தார்.

"அண்ணே, இது 13-ம் நம்பர் நட்டு. அது சேராதே!" என்றார் இளைஞர்.

"சேராதுதான் தம்பி. அதனால்தான் எடுத்தேன்" என்றார் மெக்கானிக்.

அதை நட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் அளவாகத் தட்டினார். ஒரு நூல் சிறிதான பாக்ஸ், மழுங்கிய நட்டின் மேல் கவ்விக் கொண்டு இறங்கியது. ஒரே இழுப்பு. நட்டு கழன்றது! பையில் இருந்த புது நட்டைப் போட்டு, 13-ம் எண் ஸ்பேனரால் இறுக்கினார்.

ஒரு மணி நேரத்தில் இரண்டாவது மரமும் நகர்ந்தது. தண்ணீர் லாரி உள்ளே வந்தது.

அன்று மாலையே இளைஞர் வீடு முழுவதும் தேடி, "டி" ஸ்பேனரைக் கண்டுபிடித்துவிட்டார். நான் ஊருக்குக் கிளம்பும்போது பார்த்தேன். பெட்ரோல் கேனின் கைப்பிடியில் தென்னங்கயிறு போட்டு அதைக் கட்டி வைத்திருந்தார்.