கூந்தலை நீட்டும் முன் வேரைக் கேளுங்கள்

மண்டபம் பதிவு செய்தாயிற்று, பட்டுப்புடவை எடுத்தாயிற்று என்றதும் மணப்பெண்கள் அடுத்துத் தேடுவது கூந்தலைத்தான். தோள்வரை வெட்டிய முடியில் பூ ஜடை எப்படித் தைப்பது? பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் ஓர் அழகு நிலையத்தில் ஏறி, ‘முடி வைக்கணும்’ என்று சொன்னால் போதும். டேப், கெரட்டின், மைக்ரோ ரிங், வீவிங், கிளிப் என்று பெயர்கள் வரிசையாக வரும். எது எத்தனை மாதம் நிற்கும், எத்தனை ரிங்கிட் என்பதையும் சொல்வார்கள். அந்த எடையை நம் சொந்த முடி தாங்குமா என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

என் அக்கா மகளுக்கு வரும் தை மாதம் திருமணம். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, அதன்மேல் தொப்பி மாட்டி மணிக்கணக்காக நிற்கும் வேலை. “சித்தி, நீங்களும் கூட வாங்க” என்றாள். ஜார்ஜ்டவுனில் மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். அங்கே கேட்டதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எந்த முறை எப்படி?

கிளிப் முறை எளிது. கிளிப் தைத்த முடிப்பட்டைகளைப் பத்து, பதினைந்து நிமிடத்தில் நாமே மாட்டலாம். இரவு படுக்கும் முன் கழற்றிவிட வேண்டும்.

டேப் முறையில், நம் முடியின் மெல்லிய அடுக்கு ஒன்றை இரண்டு பசைப்பட்டைகளுக்கு நடுவே வைத்து ஒட்டுவார்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அதனால் பட்டை மெல்லக் கீழே இறங்கி, முறுக்கி இழுக்கத் தொடங்கும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கழற்றி மேலே ஏற்றி ஒட்ட வேண்டும்.

மைக்ரோ ரிங்கில் பசையும் இல்லை, சூடும் இல்லை. சிறு வளையத்தில் நம் முடியையும் புது முடியையும் கோத்துக் குறடால் நசுக்குவார்கள். மெல்லிய முடி உள்ளவர்களுக்கு வளையம் பதிந்த இடத்தில் முடி ஒடியலாம்.

கெரட்டின் முறையில் ஒவ்வொரு கற்றையின் நுனியையும் சூட்டில் உருக்கி ஒட்டுவார்கள். மூன்று நான்கு மாதம் நிற்கும். கழற்றும்போது கரைப்பான் ஊற்றி, பிணைப்பை உடைத்து எடுக்க வேண்டும். வைப்பதைவிடக் கழற்றுவதற்குத்தான் கைதேர்ந்த ஆள் தேவை.

வீவிங்கில் சொந்த முடியைத் தலையோடு ஒட்டிச் சிறு பின்னல்களாக இறுக்கிப் பின்னி, அதன்மேல் முடிப்பட்டையை ஊசி நூலால் தைப்பார்கள். ஆப்பிரிக்க வழிவந்த பெண்களின் அடர்ந்த சுருள்முடியில் பெரிதும் வழங்கும் முறை இது.

கடைப் பட்டியலில் இல்லாத ஒன்று நம் பாட்டிமார்களின் சவுரி. சொந்த முடியை மூன்றாகப் பிரித்து, சவுரியின் மூன்று காலையும் சேர்த்துப் பின்னினால் எடை தலைமுடி முழுவதுக்கும் பகிர்ந்து போகும். சாயங்காலம் அவிழ்த்துவிடலாம்.

எண்ணெயும் பினாங்குப் புழுக்கமும்

கடைகளில் காட்டும் விளம்பரப் படங்கள் நம் வீட்டுப் பழக்கத்தை அறியாதவை. நாம் தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள். தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல் இல்லாமல் முடியாது. டேப் பசையையும் கெரட்டின் பிணைப்பையும் எண்ணெய் இளக்கிவிடும். அவற்றை வைத்திருக்கும்வரை வேர்க்காலில் எண்ணெய் படக்கூடாது. வீவிங்கில் சிக்கல் வேறு. தையலுக்கு அடியில் நனைந்த தலை, ஆண்டு முழுவதும் ஈரமான இந்தக் கடற்கரைக் காற்றில் எளிதில் உலராது. அரிப்பும் பொடுகும் வாடையும் வரும்.

இன்னொன்று. நம் எல்லோருக்குமே தினமும் 50 முதல் 100 முடி உதிர்கிறது. ஒட்டிய இடத்தில் அவை விழ முடியாமல் சிக்கி நிற்கும். கழற்றும் நாளில் மொத்தமாகக் கையோடு வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது நெற்றியோரத்தைப் பார்த்துத்தான்.

இழுப்பினால் வரும் வழுக்கை

முடியைத் தொடர்ந்து இழுத்துக் கட்டினால் நெற்றியோரமும் காதோரமும் முதலில் மெலியும். கிரீன்லாந்துப் பெண்களின் இறுக்கிக் கட்டிய கொண்டையால் இப்படி வழுக்கை விழுவதை 1907-லேயே ஒரு மருத்துவர் எழுதி வைத்தார். ஆரம்பத்திலேயே இறுக்கத்தை விட்டால் முடி மீண்டும் வளரும். வருடக்கணக்கில் இழுத்தால் வேர்க்கால் தழும்பாகி, பிறகு எந்த எண்ணெய்க்கும் வளராது.

அக்கா மகளின் காதோரம் ஏற்கெனவே மெலிந்திருந்தது, தொப்பிக்கு அடியில் போடும் கொண்டையால். அதைப் பார்த்த பிறகும் ஒரு கடையில் வீவிங்தான் சிறந்தது என்றார்கள். தோல் மருத்துவரிடம் காட்டினோம். கொண்டையைத் தளர்த்தச் சொன்னார். ஒட்டுவதும் தைப்பதும் இப்போதைக்கு வேண்டாம் என்றார். தேனிலவுக்கும் நீள முடியோடு போக ஆசைப்பட்டவள், இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு அவளே முடிவு செய்தாள்: முகூர்த்தத்துக்குச் சவுரி, மாலை வரவேற்புக்குக் கிளிப். ஜடைநாகமும் பூவும் சவுரியின் பின்னலோடு கட்டப்படும். காதோர முடியில் எதுவும் தொங்காது.

என்ன முடி வாங்குகிறோம்?

தண்ணீர்மலையில் தைப்பூசத்தன்று மொட்டை போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். திருமலையில் அது ஆண்டு முழுவதும் நடக்கிறது. அங்கே சேரும் முடியைத் திருப்பதி தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிறது. வேரும் நுனியும் ஒரே திசையில் இருக்கும்படி சேர்த்த முடிக்கு ‘ரெமி’ என்று பெயர். சீப்பில் உதிர்ந்த முடியைச் சேர்த்துச் செய்வதில் திசை மாறியிருக்கும். அதனால் சீக்கிரம் சிக்கும். மேலே சிலிக்கான் பூசியிருந்தால் கடையில் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். ஒரு கற்றையை ஷாம்பு போட்டு அலசிக் காட்டச் சொல்லுங்கள்.

யாருக்கு எது?

ஓரிரு நாள் தேவைக்கு, திருமணமோ நாட்டிய அரங்கேற்றமோ, சவுரியும் கிளிப்பும் போதும். சில மாதம் வேண்டும், முடியும் அடர்த்தி, எண்ணெய் வைக்காமல் இருக்க முடியும் என்பவர்களுக்கு டேப் பரவாயில்லை. பிள்ளை பெற்ற சில மாதங்களில் முடி கொட்டுவது இயல்பு. பெரும்பாலும் ஓராண்டுக்குள் சரியாகும். அதுவரை எதையும் ஒட்டாமல் பொறுத்திருங்கள்.

பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள்: மொத்தம் எத்தனை கிராம்? கழற்றும் கூலி இதில் சேர்ந்ததா? கழற்றப்போவது யார்? வைத்த அன்று இரவு தலை வலித்தாலோ, வேரோரம் சிறு கொப்புளம் தெரிந்தாலோ, ‘பழகிவிடும்’ என்ற பேச்சைக் கேட்காதீர்கள். மறுநாள் காலையே போய்க் கழற்றச் சொல்லுங்கள்.