ஹட்டன் ஊரும் சனமும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது ஹட்டன். 1884இல் ரயில் வந்து சேர்ந்தது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு இறங்கின, ஊரும் வளர்ந்தது. தென்மேற்கே 2,243 மீற்றர் உயரச் சிவனொளிபாதமலை. யாத்திரைக் காலத்தில் பக்தர்கள் பலர் ரயிலை விட்டு இறங்கி பஸ் ஏறுவது இங்கேதான். பக்கத்துக் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் களனி கங்கைக்குப் போகும் மலைநீரைத் தேக்கி நாட்டுக்கு மின்சாரம் தருகின்றன.

ஹட்டன்–டிக்கோயா நகரசபை எல்லைக்குள் வாழ்பவர்கள் சுமார் 15 ஆயிரம் பேர்தான். ஆனால் சம்பளம் போட்ட கையோடு கடைத்தெருவில் நடந்து பாருங்கள். நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை தோட்ட லயங்களிலிருந்து வந்த சனத்தால் தெரு நிறைந்திருக்கும். இந்த ஊரை வாழ வைப்பவர்கள் அவர்களே. நகரக் கணக்கில்தான் அவர்கள் இல்லை.

2012 கணக்கெடுப்பின்படி, ஹட்டன் அடங்கும் நுவரெலியா மாவட்டத்தில் 7 இலட்சத்து 11 ஆயிரம் பேர். பாதிக்கு மேல் மலையகத் தமிழர். அவர்கள் வாக்களித்துத் தெரிவு செய்த பிரதேச சபைகளே தோட்டத்துக்குள் பணம் செலவிட, சட்டம் நீண்டகாலம் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல்தான்.