ஒரே கணினி, பல அமானிதங்கள்



அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இல்லத்தில் இரும்புச் சீப்பால் தலையைக் கோதிக்கொண்டிருந்த வேளையில், ஒரு மனிதர் துவாரத்தின் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். அதையறிந்த நபியவர்கள் அவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்கும் ஒழுக்கம் விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்றும் தெளிவுபடுத்தினார்கள். ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. வாசலைத் தாண்டாமலேயே ஒருவர் அத்துமீற முடியும் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஈரறை வீடுகளில் குடும்பம் முழுமைக்கும் ஒரே கணினி இருப்பதுண்டு. மகளின் மருத்துவ அறிக்கை, தந்தையின் கடன் விவரம், மகனுக்கு வந்த சம்பந்தப் பேச்சு யாவும் அதிலேயே கிடக்கின்றன. ‘மனைவிதானே, தம்பிதானே’ என்று திறந்து படித்துவிடுகிறோம். துருவி ஆராய்வதைத் தடுக்கும் அல்ஹுஜுராத் 12ஆம் வசனம் உறவினருக்கு விலக்களிக்கவில்லை. அந்நூர் 58ஆம் வசனமோ, வீட்டுச் சிறுவர்கள்கூட மூன்று வேளைகளில் அனுமதி பெற்றே அறைக்குள் வரவேண்டும் என்கிறது. (பிறர் கடிதத்தைப் பார்ப்பது குறித்து அபூதாவூதில் உள்ள எச்சரிக்கை பலவீனமான அறிவிப்பு, அதை ஆதாரமாக்கத் தேவையில்லை.)

அச்செடுத்த மின்னஞ்சல்களுடன் பள்ளிவாசலுக்குப் பஞ்சாயத்துப் பேச வருவோர் உண்டு. அத்தாள்களை நான் வாங்கிப் படிப்பதில்லை. மனைவியின் கைபேசி அழைப்பு விவரங்களை அவரறியாமல் பெற்று, ஒரு கணவர் விவாகரத்து வழக்கில் தாக்கல் செய்தார். 2024 அக்டோபர் 30 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ஆதாரமாக ஏற்க மறுத்தார். அந்தரங்க உரிமை தம்பதியருக்கிடையிலும் உண்டு என்றார். எனினும் 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், தம்பதியரின் இரகசிய ஒலிப்பதிவை மணவழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் எனத் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் ஒன்றை ஏற்பது வேறு, அது ஹலால் ஆவது வேறு.

இனி, செய்ய வேண்டியவை. கணினியில் ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல்லுடன் தனிக் கணக்கு அமையுங்கள். ஆனால் விண்டோஸில் நிர்வாகிக் கணக்கு உடையவர் முயன்றால் மற்றவர் கோப்புகளைத் திறந்துவிட முடியும். அப்பொறுப்பும் ஓர் அமானிதமே. மிக அந்தரங்கமானவற்றைத் தனி பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுக் கணக்கில், கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கணினி கேட்டால் மறுத்துவிடுங்கள். திரையை மூடுவது மின்னஞ்சலிலிருந்து வெளியேறியதாக ஆகாது; ‘சைன் அவுட்’ செய்யவேண்டும். மறைநிலைச் சாளரத்தைப் பலர் பெரிதும் நம்புகின்றனர். அது பார்த்த பக்கங்களின் பட்டியலை வைத்திராது. பதிவிறக்கிய கோப்போ கணினியிலேயே தங்கிவிடும்.

சிறு பிள்ளைகளைக் கண்காணிப்பது பெற்றோர் கடமை. அதை அவர்களிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

கப்பல் வேலைக்குச் செல்லும் சகோதரர்கள், கடவுச்சொற்களைத் தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டி, வஸிய்யத்துடன் வைத்துச் செல்லலாம். எப்போது பிரிக்கலாம் என்பதை உறையின் மேலேயே எழுதிவிடுங்கள்.