லாப்ரடாருக்கும் ஒரு வெந்நீர்க் குழாய்

டெல்லியில் சில ஜனவரி இரவுகள் 5 டிகிரிக்கும் கீழே போய்விடும். நாய் வளர்ப்பவர்களின் திண்டாட்டம் அப்போதுதான் ஆரம்பம். சேறு அப்பிய லாப்ரடாரைக் குளியலறைக்குள் விட்டால் சுவரெல்லாம் முடி. வெளியே குளிப்பாட்டலாம் என்றால் வாளிக்குள் இம்மர்ஷன் ராடு. ஸ்விட்சை அணைக்காமல் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கிற தவறை மனிதர்களே செய்கிறார்கள்; வாளியில் மூக்கை நுழைக்கும் நாய்க்கு என்ன தெரியும்?

அதனால்தான் வீட்டுக்கு வெளியே வெந்நீர்க் குழாய். கெய்ஸரிலிருந்து ஒரு கிளை இழுத்தால் போதும். ஆனால் சாதாரண பிவிசி வேண்டாம், சூட்டில் இளகிவிடும். சிபிவிசி 90 டிகிரி வரை தாங்கும். மேலே நுரை உறை போடாவிட்டால் சூடு வழியிலேயே குறைந்துவிடும்.

செலவை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் கோட்டைவிடுவது மிக்ஸரில்தான். பச்சைத் தண்ணீரும் அதே இடத்துக்கு வந்து கலக்க வேண்டும். 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். அடர்ந்த ரோமத்துக்கு அடியில் காயம் உடனே தெரியாது. நாய்க்கு 37, 38 டிகிரி போதும். முழங்கையில் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

15 லிட்டர் கெய்ஸர் நீர், பச்சைத் தண்ணீர் கலந்தால் சுமார் 30 லிட்டர் ஆகும். லாப்ரடாருக்குத் தாராளம். டெல்லி வெயிலில் செயின்ட் பெர்னார்டு வளர்க்கத் துணிந்தவர்கள் 25 லிட்டர் கெய்ஸராகவே பார்க்கலாம்.