பாட்டியைக் கேட்டுத் தலைவாருங்கள்!
வயதாக ஆக முடி மெலியும். நேரான, மெல்லிய முடியில் கொண்டை நிற்காமல் நழுவும். அதற்காக இறுக்கி முடிந்தால், நாளடைவில் நெற்றியோர முடி உதிர்ந்து நெற்றி ஏறிவிடும்.

கையைத் தூக்கித் தலைவார முடியாத பாட்டிக்கு, தோளுக்குச் சற்றுக் கீழே வரும் நீளமே வசதி. முடி நன்றாக உலர்ந்ததும், பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். பிறகு, ஒரு பக்கமாக முன்னே விழும்படி தளர்வாகப் பின்னி, துணி ரப்பர் பேண்ட் போடுங்கள். ஹேர்பின் வேண்டாம், படுத்தாலும் உறுத்தாது.

பராமரிக்கச் சிரமம் என்று, கேட்காமலே 'கிராப்' வெட்டிவிடாதீர்கள். கணவரை இழந்த பெண்களுக்குத் தலை மழித்த வழக்கத்தைச் சிறுவயதில் பார்த்தவர்களும் அந்தத் தலைமுறையில் உண்டு. கையில் கண்ணாடியைக் கொடுத்து, எவ்வளவு வெட்டலாம் என்று அவரிடமே கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள். பின்னிவிட ஐந்து நிமிடம் போதும்!